வலையிறவுப் பாலத்தடியில்

ஆறு மாதத்துக்கு ஒருக்கால்
பதின்மூன்று கிலோ ஈயத்தை இடுப்பில் அணைத்து
இரும்பேணியில் இறங்குகிறேன்.
நாலாம் தூணில் இருக்கிறது எங்கள் பெட்டி,
வாவி எத்தனை சென்ரிமீற்றர் ஏறியது என்று
கால் மணிக்கொரு தரம்
திணைக்களத்துக்குச் சொல்லும் பெட்டி.
சூரியத் தகட்டில் நீர்க்காகம் எச்சமிடும்.
முனைகளில் உப்பு பச்சையாய்ப் பூக்கும்.
மாரியில்தான் சாகும், சொல்லிவைத்தாற்போல,
முகத்துவாரத்தை வெட்டுவதா விடுவதா என்று
கச்சேரியில் கூட்டம் நடக்கிற அன்றைக்கு.

ஏறாவூர் சியாத், புதுப் பொறியியலாளர்,
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
போனில் ஒரு படம் காட்டினான்.
சட்டைப் பொத்தான் அளவு.
உள்ளே நிக்கல், அதன் அணு தன்பாட்டில் சிதைகிறது,
வைரத் தகடொன்று அதை வாங்கி மின்னாக்குகிறது,
ஐம்பது வருசம் கை வைக்கத் தேவையில்லை அக்கா.

ஐம்பது வருசம்.

இதே பாலத்து வாயில், தொண்ணூற்றைந்தில்,
றாத்தல் பாணைப் பிளந்து
இரண்டு பற்றரியை வைத்து மூடி
சைக்கிள் கூடையில் கொண்டுபோனேன்.
படுவான்கரைக்கு அது தடைசெய்த பொருள்.
சிப்பாய் பாணை அமத்திப் பார்த்தான்
பசித்தவன்போல. பிறகு விட்டான்.
பத்து நாள் செய்தி சொல்லின அந்த இரண்டும்.
பத்தாம் நாள் ஓட்டின் மேல் காயவைத்தோம்.
பதினோராம் நாள்
அண்ணன் கடைவாயில் வைத்துக் கடித்தான்.
பல் பதிந்த இடத்திலிருந்து
இன்னும் அரை மணி நேரம் பேசியது றேடியோ.

அதனால் கேட்டேன்: இதில் ரோர்ச் எரியுமா?
எரியாது.
போன் சார்ஜ் ஏறுமா?
ஐம்பதாயிரம் பொத்தான் தைத்த சட்டை வேணும் அக்கா.
பிறகு என்னத்துக்கடா?
பற்றுச்சீட்டின் முதுகில் கணக்குப் போட்டான்.
ஒரு குறுஞ்செய்தி அனுப்ப
ஒரு பகலும் ஒரு ராவும் சேமிக்க வேண்டும்.
சேமித்ததை வைத்திருக்கும்,
நீர் ஏறும்வரை பேசாமல் வைத்திருக்கும்.
ஏறினால் ஒரு சத்தம். ஒன்றே ஒன்று.
பிறகு மறுநாள்வரை ஊமை.

எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.
கத்த வலுவில்லை,
கண் மூடாமல் கிடக்க வலு இருக்கிறது.
அப்படிச் சிலபேரை எனக்குத் தெரியும்.

விலையைச் சொன்னான், நான் சிரித்தேன், அவனும் சிரித்தான்.
ஆனால் மாதிரிப் படிவமும் கையோடு கொண்டுவந்திருந்தான்.
மூன்று மொழி, ஒன்பது பக்கம்.
ஏழாம் பக்கத்தில்:
பொருளைத் திருப்பி ஒப்படைக்கும் திகதி.
அதன் கீழே:
அதுவரை பொறுப்பான அலுவலர்.

எனக்கு ஓய்வுக்குப் பத்து வருசம்.
சியாத் கனடாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறான்,
கந்தோரில் எல்லோருக்கும் தெரியும்.
நூறு வருசம் போனாலும் பாதிதான் குறையும் என்கிறான்,
பிள்ளையின் மார்க்சைச் சொல்வதுபோலச் சொல்கிறான்.
ஈயம் தேடிப் போன மாரிக்கும் கள்ளன் வந்தான்.
இனியும் வருவான். பெட்டியை உடைப்பான்.
பொத்தானைச் சில்லறையென்று
சாரத்து மடியில் செருகிக்கொண்டு போவான்.
வீட்டில் அவன் பிள்ளை அதை எடுத்து
கடைவாயில் வைத்து

சீல் பண்ணியது அக்கா, ஒண்டும் ஆகாது.

ஆகாதுதான். படித்தவன், நம்புகிறேன்.
அப்படியென்றால் அந்தக் கட்டத்தை நிரப்பு என்றேன்.
பேனாவைத் திறந்தான்.
வாவியைப் பார்த்தான்.

நான் கீழே இறங்கி
பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன்.
பச்சை விளக்கு ஒருதரம், இரண்டுதரம்.
நீர்மட்டம் நாற்பத்திரண்டு.
போய்ச் சேர்ந்தது.
செத்த ஈயத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தால்
பேனா இன்னும் திறந்தபடி,
காற்றுக்கு ஏழாம் பக்கம்
தன்பாட்டில் எட்டாகிறது.